எண்ணும்மை

மிசியோனெஸ் தெரு, மூன்றாம் மாடி.
மொந்தேவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
ஜன்னல் கண்ணாடியில்
ஆற்றின் பழுப்பு ஈரமாய் ஒட்டியிருக்கிறது.
நஹீர் ஒலிவேரா
நகரத்தைச் சலிக்க ஆரம்பிக்கிறாள்.

மளிகைச் செயலி. வாரக் கூப்பன்.
யாருக்கு என்பதை முதலில் எழுத வேண்டும்.

மாலை ஆறுக்குப் பின் திறந்தவர்கள்: 41,208.
மாத்தே இலையைக் கூடையில் போட்டவர்களாகவும்: 12,960.
போட்டதை எடுத்தவர்களாகவும்: 3,114.
ஏழு நாளில் மூன்று முறை அப்படிச் செய்தவர்களாகவும்: 872.

இலக்கணத்தில் 'உம்' வந்தால் ஆள் கூடும்.
அவனும் அவளும் நானும் என்றால்
பந்தி நீளும்.
இந்தத் திரையில் ஒவ்வொரு 'உம்'முக்கும்
ஆயிரக்கணக்கில் எழுந்து போகிறார்கள்,
நாற்காலி இழுபடும் சத்தம்கூட இல்லாமல்.

அடியில் சாம்பல் எழுத்தில் ஒரு விதி:
பத்துக்குக் கீழே போனால் எண் தெரியாது,
ஒரு கோடு மட்டும் வரும்.
சில மதியங்களில் வேண்டுமென்றே
அந்தக் கோடு வரைக்கும் சலித்துப் பார்ப்பாள்.
கோட்டுக்குப் பின்னால்
யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

வாஷிங்டன் பென்தாங்கோர், மேலாளர்
(அந்த ஊரில் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைப்பதுண்டு)
தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்.
"தயங்குவோர் என்று போடு.
தயங்குகிறவனுக்கு வேண்டியது ஒரு சின்னத் தள்ளல்."

தயங்குவோர், ஜூலை, இரண்டு.
சேமி.

செர்ரோ போகும் பேருந்தில்
பக்கத்து இருக்கையில் ஒரு தடித்த கட்டைவிரல்,
நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட்.
இலை ஒரு கிலோ, சேர்.
எண்ணெய், சேர். நூடுல்ஸ் இரண்டு, சேர்.
கீழே வந்த தொகைக்கு உதடு அசைகிறது.
எண்ணெய், நீக்கு. இலை, நீக்கு.
எல்லாம் நீக்கு.

கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"இதிலா? வாங்குகிறதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை
தெருச் சந்தையில்.
இது கூட்டிக் காட்டும், அதற்குத்தான்.
எனக்குக் கூட்டல் வராது.
கடைக்காரனைக் கூட்டச் சொல்லிவிட்டு
வேண்டாம் என்றால் அவன் முகத்தைப் பார்க்கணும்.
இதற்கு முகமில்லை."

வில்மார் என்று வெளியே யாரோ கூப்பிட
படியில் நின்றபடியே கதவு திறக்கக் காத்திருந்தான்.

மறுநாள் காலை தேடினாள்.
சாதனம், வட்டாரம், கடைசியாகத் திறந்த நேரம்,
இருநூற்றுச் சொச்சம் நிபந்தனைகள்.
கூட்டத் தெரியாதவர்கள் என்று ஒன்றில்லை.
முகத்துக்கு அஞ்சுகிறவர்கள், அதுவும் இல்லை.
'அல்லாதவர்' என்றொரு பொத்தான் இருந்தது.
எவர் அல்லாதவர் என்று எழுத வராமல்
அதன்மேல் சுட்டியை வைத்திருந்தாள்
திரை தானாக இருளும் வரை.

வியாழன், ஆறு பத்து.
872 சட்டைப்பைகளில் ஒரே நடுக்கம்.
உங்களுக்காக மட்டும், பதினைந்து விழுக்காடு தள்ளுபடி,
நள்ளிரவு வரை.
திறந்தோர் 305. வாங்கினோர் 61.
வாஷிங்டன் கை தட்டினார்,
யாரோ பிஸ்கட் பெட்டியைத் திறந்தார்கள்.

செர்ரோவில் ஒரு சமையலறையில்
கணக்கு உதைத்தது.
முந்தாநாள் வந்த தொகை இன்று வரவில்லை.
பொய் சொல்வது இலையா எண்ணெயா
என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்தான், எடுத்தான்,
திரும்பச் சேர்த்தான்,
நூடுல்ஸை மட்டும் நாலு தடவை.
பாத்திரத்தில் வெந்நீர் கொதித்து வற்றியது.

பதிவில் விழுந்தது:
ஆர்வம் அதிகரித்துள்ளது.

வெள்ளிக்கிழமை ஒரு புதிய குழு.
மிகவும் தயங்குவோர்.
அதில்
அவனும்.